பச்சை உடம்புக்குச் சிவப்பு ஒயின்

அம்மா தன் வீட்டுக்குள் மது வாடையை விடமாட்டாள். ரப்பர் தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. அப்பா கள்ளுக்கடையில் தொடங்கி, சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் முடித்து, வயிறு வீங்கிச் செத்த பிறகு அவள் போட்ட சட்டம். ஒரு தீபாவளிக்கு அவளுடைய சொந்தத் தம்பி லேசாக ஊற்றிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தி, முறுக்கைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள்.

"உள்ள வரணும்னா நாளைக்கு வா. இன்னிக்கு இப்படியே போயிடு."

மாமா முனகிக்கொண்டே போனார். மறுநாள் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்தார்.

நான் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. என் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். சித்தியவான் பக்கம், எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்த சீனக் கம்பத்து ஊரில் ஒரு ஹொக்சியு குடும்பம் இருந்தது. கித்தா என்கிற ரப்பர் மரம் கொஞ்சம், ஒரு பன்றிக் கொட்டகை, மூத்தவனாக ஒரு பையன், அவனுக்குப் பின்னால் வரிசையாகப் பெண் பிள்ளைகள். அந்த வரிசையில் இன்னொருத்தியாக நான் பிறந்தேன். கண் சரியாகத் திறக்கும் முன்பே என்னைப் பிள்ளையில்லாத ஒரு பால்மரக்காரியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள்தான் அம்மா. அந்தக் காலத்து மலாயாவின் பேரா மாநிலத்தில் இது அதிசயம் இல்லை. யாரும் மூடி மறைக்கவும் இல்லை. பெற்றவளை நான் 'ஆசோ' என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணமான சீனப் பெண்கள் எல்லாருமே தோட்டத்தில் எங்களுக்கு ஆசோதான்.

தமிழ்ப் பள்ளியில் பையன்கள் 'சீனச்சி' என்று கத்துவார்கள். "சீனச்சிதான். உன்னவிடத் தமிழ்ல அதிகமா மார்க் வாங்குற சீனச்சி" என்று நானும் கத்துவேன். பொட்டு வைத்து, எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலையோடு நான் சண்டைக்கு நிற்பதைப் பார்த்து வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் ஆசோ வருவாள். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் ஒரு புட்டி. புட்டிக்குள் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் பிழிந்ததுபோல ஒரு சிவப்பு. அவர்கள் வீட்டிலேயே அரிசியில் காய்ச்சாமல் ஊறவைத்து எடுக்கும் ஒயின். அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு புட்டியைத் திருப்பித் தருவாள். ஆசோ முகம் கோணாமல் எடுத்துக்கொண்டு போவாள். அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவாள்.

"வேணாம்னு தெரிஞ்சும் ஏன் கொண்டாறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொண்டாறது அவ மரியாதை. திருப்புறது என் மரியாதை" என்றாள் அம்மா.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் ஈப்போவில் ஒரு லோரி பட்டறையில் மெக்கானிக். தோட்டத்து லோரியைப் பழுதுபார்க்க வந்தவர், பழுது தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு நான் ஆகவே ஆகாது. "வளத்தது யாரா இருந்தா என்னா, ரத்தம் வேறதானே" என்று பெண் பார்க்க வந்த அன்றே, எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். நான் காப்பித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "சீனி போதுமா அத்தே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி அம்மா வீட்டுக்கு வந்தேன். பெண் குழந்தை. எனக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அம்மா பூண்டு வதக்கிக் கொடுத்தாள், மிளகுக் கஷாயம் வைத்தாள், கருவாடு சுட்டாள். எதுவும் இறங்கவில்லை. பாலும் சரியாகச் சுரக்கவில்லை.

மாமியார் சீரோடு வந்திருந்த அன்றைக்குத்தான் ஆசோவும் வந்தாள். சைக்கிளின் பின்னால் ஒரு பிரம்புக் கூடை. அதில் கால் கட்டிய ஒரு கோழி, மெல்லிய நூல்போன்ற மீ சுவா கட்டுகள், முற்றிய இஞ்சி, கழுத்தில் துணி கட்டிய ஒரு மண் ஜாடி. ஜாடியைப் பார்த்ததும் அம்மா வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"கோழி வரட்டும். சேமியா வரட்டும். அது வேணாம்."

"இது குடிக்கிற சாமான் இல்லமா, மாசாக் பண்ற சாமான்" என்றாள் ஆசோ. தோட்டத்தோடு பழகிய தமிழ் அவளுடையது. சமையலுக்கு மாசாக், போதைக்கு மாபோக் என்று மலாய்ச் சொல்தான் அவள் வாயில் முதலில் வரும். "அடுப்புல நல்லா கொதிச்சா மாபோக் எல்லாம் ஓடிடும்லா. பிள்ள பெத்தவங்களுக்கு எங்க ஆளுங்க இதான் குடுப்பாங்க. நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாப்பிட்டேன்."

என்னைப் பெற்றபோதும் சாப்பிட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து மாமியார் எழுந்து வந்தார். "பச்ச ஒடம்புக்காரிக்குச் சாராயமா? பால்ல கலந்து எங்க வீட்டுப் பேத்திக்கு ஊட்டப் போறீங்களா? பாத்தீங்களா சம்பந்தி, ரத்தம் ரத்தத்தத் தேடி எப்படி வருதுன்னு!"

அந்த நிமிடம் வரை அந்த ஜாடி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வருடக்கணக்காக வாசலில் வந்து வாசலிலேயே திரும்பிய பொருள்; அவ்வளவுதான். ஆனால் ரத்தம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, எனக்கு அது வேணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் அடுப்புல ஏறாது. என் வீட்டுக்குள்ள வராது."

"சரி. நான் வெளிய வாரேன்."

காதில் பஞ்சு, தலையில் துண்டு, மடியில் குழந்தை. வீட்டுக்குப் பின்னால் விறகு வெட்டும் கட்டையில் போய் உட்கார்ந்தேன். மாமியார் கத்தினார். காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்றார். ஆசோ மூன்று செங்கல்லை எடுத்துப் போட்டு அடுப்பு மூட்டினாள்.

அவள் சமைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு முதல் ஆச்சரியம் அவள் சட்டியில் ஊற்றிய எண்ணெய். நல்லெண்ணெய். அம்மா பிரசவத்துக்கு வாங்கி வைத்திருந்ததும் அதேதான். இஞ்சியைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, ஓரம் சுருண்டு பழுப்பாகும்வரை பொரித்தாள். அம்மாவும் அப்படித்தான் செய்வாள். கோழித் துண்டுகளைப் போட்டுப் புரட்டி, தண்ணீர் வற்றியதும் ஜாடியைச் சாய்த்தாள். புஸ்ஸென்று ஒரு ஆவி எழுந்தது. அப்பாவின் சட்டையில் அடித்த வாடையை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்தது அது இல்லை. பழுத்த நேந்திரம்பழமும் வெந்த அரிசியும் கலந்ததுபோல ஒரு வாசம். மீ சுவாவில் உப்பு அதிகம் என்பதால் அதைத் தனியாக வேகவைத்து வடித்து மங்குக் கிண்ணத்தில் போட்டாள். மேலே சிவப்புக் குழம்பை ஊற்றி, அவித்த முட்டையை வைத்து நீட்டினாள்.

முதலில் இனிப்பு. பிறகு இஞ்சியின் சூடு. கடைசியில் அடிநாக்கில் லேசான ஒரு கசப்பு. வியர்த்தது. பல நாள் கழித்து உள்ளங்கால் வெதுவெதுப்பானது. மங்கைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கிட்டவே வந்துவிட்டார்.

"என்னாடி அது, ரத்தமாட்டம் செவப்பா இருக்கு?"

"கோழிக் குழம்புதான் அக்கா. உப்பு பாக்குறீங்களா?"

அவர் பதறிப் பின்னால் போனார்.

மாமியார் அன்றைக்கே ஈப்போவுக்குப் பஸ் ஏறினார். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் திரும்பி வரவேண்டாம் என்று மகனிடம் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து, தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நான் வரலன்னே நெனச்சுக்குங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க இங்க வந்து இருங்க" என்றேன்.

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு மங்கை எடுத்து நீட்டினார். ரெண்டாவது மங்கும் கேட்டார். "இதுக்கா இவ்வளவு சண்டை? கோழி ரசம்தானே இது" என்றார்.

அம்மா மட்டும் தன் சட்டத்தை விடவில்லை. ஆசோ தினமும் சைக்கிளில் வந்து வெளியில் சமைப்பாள். அம்மா உள்ளே தன் அடுப்பில் சமைப்பாள். மத்தியானம் அதையும் சாப்பிடுவேன், இதையும் சாப்பிடுவேன். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆசோ ஒரு கையில் குடையைச் சட்டிக்கு மேல் பிடித்து, தான் நனைந்துகொண்டே கிளறினாள். அம்மா கோழிக் கூண்டின் மேலிருந்த தகரத்தை உருவிக்கொண்டு வந்து, நாலு கம்பை நட்டு அடுப்புக்கு மேல் கூரை போட்டாள். ஆசோ நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். அடுப்பு நனையணும்னு சொல்லல" என்றாள் அம்மா.

அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் ஆசோ எனக்கு அந்த ஒயின் வந்த வழியைச் சொன்னாள். அவளுடைய மாமனார் சீனாவின் ஹொக்சியு நாட்டிலிருந்து தேவாலயத்து ஆட்களோடு கப்பலேறி வந்தவர். சித்தியவான் அப்போது வெறும் காடு. அவர் ஒரு தகர டப்பாவில் சிவப்பரிசி கொண்டுவந்தாராம். நம் ஊர்ச் சிகப்பரிசி இல்லை அது. சோற்றில் ஒரு பூஞ்சையைப் படரவிட்டுக் காயவைத்தது. புளுட் அரிசி என்று நாம் சொல்லும் ஒட்டரிசியை ஆவியில் அவித்து, ஆறவைத்து, அந்தச் சிவப்பரிசியையும் ஈஸ்டையும் கலந்து ஜாடியில் அடைக்கவேண்டும். குளிர் நாட்டில் அது மெதுவாக ஊறும். இங்கே வெயில் அவசரப்படுத்தும். அதனால் கட்டிலுக்கு அடியில், இருட்டில் வைப்பார்கள். பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைப் பேறுக்கும் வெளியே வரும்.

"எங்க பாதிரியார் குடிக்கக்கூடாதுன்னு சொன்னாரு" என்றாள் ஆசோ. "பொம்பளைங்க எல்லாம் சொன்னாங்க, நாங்க குடிக்கல, மாசாக் பண்றோம்னு. அவரு என்னா பண்ணுவாரு? எங்க வீட்டுக்கு வந்தா ரெண்டு மங்கு சாப்பிடுவாரு."

அம்மா உள்ளேயிருந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

ஒயினாலா, கோழியாலா, வெறும் பிடிவாதத்தாலா, தெரியாது. எனக்கு உடம்பு தேறியது. பாலும் வந்தது. நான் ஈப்போ புந்தோங்கில் இருந்த மாமியார் வீட்டுக்குக் குழந்தையோடு திரும்பிப் போனேன். என்னை அழைக்க யாரும் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போனேன், நானே கதவைத் தட்டினேன். மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார், என்னிடம் பேசவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் சட்டி அவருக்கு, என் சட்டி எனக்கு. கொஞ்சநாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சரியாகவில்லை. பதினோரு வருடம் அப்படியே ஓடியது.

இரண்டாவது உண்டானபோது, ஒயினை நானே செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசோ வீட்டுக்குப் போனேன். அதற்குள் ஆசோவின் புருஷன் இறந்து, மூத்த மகன் கையில் வீடு இருந்தது. என் சொந்த அண்ணன். என்னிடம் அதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: "குடுத்த பிள்ளை குடுத்ததுதான். எங்க வீட்டு வேலை எங்க வீட்டு மருமகளுக்கு."

ஆசோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் அந்த வீட்டில் வாய் திறக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. நான் கெஞ்சவில்லை. தமிழர் வீட்டில் என் ரத்தம் சீன ரத்தம்; சீனர் வீட்டில் நான் கொடுத்துவிட்ட பிள்ளை. சரி, இருக்கட்டும். என் நாக்கு யாருக்கும் கொடுத்துவிட்டது இல்லையே. ருசி அதில் இருந்தது.

ஈப்போ பழைய டவுனில் ஒரு சீன மருந்துக் கடைக்குப் போனேன். கடை முதலாளி தௌக்கே என் முகத்தைப் பார்த்துக் கன்டனீஸில் பேச ஆரம்பித்தார். பொட்டையும் தாலியையும் பார்த்து நிறுத்தினார். மார்க்கெட்டில் பொறுக்கிய கன்டனீஸில் சிவப்பரிசியும் ஈஸ்ட் உருண்டையும் கேட்டேன்.

"உனக்கு இது எதுக்கு?"

"ஒயின் போட."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. நீங்க சொல்லுங்களேன்."

அவர் சொல்லவில்லை. பொட்டலத்தை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

முதல் ஜாடி நாறிப்போனது. சோறு ஆறுமுன்பே கலந்துவிட்டேன். வாழை மரத்தடியில் கொட்டினேன். இரண்டாவது ஜாடி புளித்துக் காடியாகிவிட்டது. அதில் இஞ்சியையும் பப்பாளிக் காயையும் போட்டு ஊறுகாய் பண்ணினேன், நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஜாடியைத் திறந்தபோது தகரக் கூரைக்கடியில் எழுந்த அந்த வாசம் வந்தது. வடிகட்டத் துணி கிடைக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருடைய வேட்டியை உருவினேன். அந்தச் சிவப்பு எத்தனை துவைத்தும் போகவில்லை. அவர் அதைக் கட்டிக்கொண்டுதான் சாயங்காலம் வாசலில் பேப்பர் படிப்பார். தெருவே பார்க்கிறது என்று மாமியார் அழுவார். "பாக்கட்டும்மா, நல்ல கலர்தானே" என்பார் அவர்.

அதன்பிறகு எதோடு எது சேரும் என்று நானே சோதித்துப் பார்த்தேன். புளி சேராது, ஒயினுக்கே ஒரு புளிப்பு இருக்கிறது, இரண்டும் சண்டை போடும். மசாலாத் தூள் போட்டால் ஒயின் இருப்பதே தெரியாது. மிளகு சேரும், பூண்டு அளவாகச் சேரும். முருங்கைக்கீரை போட்டால் கசப்பு இரண்டு மடங்காகும். நாட்டுக்கோழிக்குத்தான் அது ராசி. பண்ணைக் கோழி குழைந்துவிடும். வடிகட்டிய பிறகு மிஞ்சும் சிவப்பு மண்டியைக் காலா மீனில் தடவி ஊறவைத்துப் பொரித்தால் வேறு மசாலாவே வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பிலும் ஒரு கரண்டி விட்டுப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் முயற்சி செய்யவேண்டாம்.

எதிர்வீட்டு மலையாளத்து அக்காவின் மகளுக்குப் பிரசவமானபோது, என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சீன மீ ஆகாது. அதனால் இடியாப்பம் பிழிந்து, அதன்மேல் சிவப்புக் கோழிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். மீ சுவாவைவிட இடியாப்பம் குழம்பை நன்றாக இழுத்துக்கொள்கிறது. ஹொக்சியுக்காரர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனாலும் அதுதான் உண்மை. பிறகு கச்சான் கடலை வறுக்கும் வீட்டில் கேட்டார்கள், இன்னும் தள்ளிய தெருவிலிருந்தும் ஆள் வந்தது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மட்டும் சமைத்துக் கொடுத்தேன். ஒரு புட்டிகூட யாருக்கும் கொடுத்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக் கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. அம்மா ஒரு தகரப் பெட்டியோடு என்னிடம் வந்தாள். வந்த அன்றே என் ஜாடிகள் அடுப்படியிலிருந்து பின்வாசலுக்குப் போய்விட்டன. நானே எடுத்து வைத்தேன், அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு முன்னால், தெருவிலிருந்து மூன்று பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கோயில் இருக்கிற தெருவில் பொம்பளை சாராயம் போடுவது அசிங்கம், ஜாடிகளை உடைக்கவேண்டும் என்றார்கள். முன்னால் நின்று பேசியவர் நல்ல குடிகாரர். சாயங்காலமானால் சம்சுக் கடையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவார்கள். அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது.

"சீனச்சி புத்தி போகுமா?" என்றார்.

நான் வடிகட்டிக்கொண்டிருந்த கையோடு வாசலுக்கு வந்தேன். "அண்ணே, சட்டம் பேச வந்தா போலீஸோட வாங்க. சாமி பேச வந்தா குளிச்சிட்டு வாங்க. என் ஜாடியத் தொட்டா நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். அதற்குள் அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். முன்பெல்லாம் வெளிச்சம் வருமுன் எழுந்து பால்வாளியைத் தூக்கிய உடம்பு. கூன் விழுந்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது.

"நில்லு. எனக்குக் குடிகாரனையும் தெரியும், குடியையும் தெரியும். குடிச்சவனோட குடும்பம் நடத்திருக்கேன். என் மவ சட்டியில வேகுறத சாப்பிட்டு எவனும் பொண்டாட்டிய அடிச்சதில்ல. நீ தெனமும் குடிக்கிறியே, அது எந்தச் சாமிக்கு நேத்திக்கடன்?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு அடக்கிக்கொண்டு, "வாங்கண்ணே, போலாம்" என்று அவரை இழுத்தார். அவர் திட்டிக்கொண்டே போனார். கதவுக்குப் பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். என் பக்கமும் பேசவில்லை, அவர்கள் பக்கமும் பேசவில்லை.

அந்தத் திருவிழாவில் நான் பால்குடம் எடுத்தேன். எடுக்கக்கூடாது என்று சிலர் கமிட்டியில் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால் விடிவதற்கு முன்பே போய், மஞ்சள் புடவையில், வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டேன். பூசாரி குடத்தை எடுத்து என் தலையில் வைத்தபோது, எதிரே நின்றவர்கள் வழி விட்டார்கள். நான் நடக்க ஆரம்பித்தேன்.